மின்னொழுக்கு என்று எழுதுவதற்கு முன்: புசல்லாவையில் திருத்தியமைக்கப்பட்ட ஒரு மலிவுக் கிளாம்ப்

"மின்னொழுக்கே தீ விபத்துக்குக் காரணமாக இருக்கலாம் என ஆரம்பகட்ட விசாரணைகளிலிருந்து தெரியவருகிறது." மலையகத்தில் ஒரு லயன் குடியிருப்பு எரிந்தால் மறுநாள் செய்தியில் பெரும்பாலும் இந்த வசனம் இருக்கும். சுயாதீன ஊடகவியலாளராக நானும் இதை எழுதியிருக்கிறேன். பொலிஸ் சொன்னது, கிராம சேவகர் சொன்னது, பக்கத்து லயன்காரர் சொன்னது என்று கேட்டு எழுதியிருக்கிறேன். மின் ஒழுகியதை அளந்தவர் யார், எவ்வளவு ஒழுகியது, எந்த வயரில் ஒழுகியது என்று ஒருதடவையும் கேட்டதில்லை.

இந்தக் கேள்வியை எனக்குள் போட்டவர் புசல்லாவை நகரில் சிறிய திருத்தகம் ஒன்றை நடத்துபவர். கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்குப் போகும் ஏ5 வீதியில் புசல்லாவை இருக்கிறது. மேலே ரம்பொடைப் பக்கம் ஏறினால் கொத்மலை நீர்த்தேக்கம் தெரியும். கொத்மலை மின் நிலையம் 1985இல் இயங்கத் தொடங்கியது. அதன் கொள்ளளவு 201 மெகாவாட். நாட்டுக்கு வெளிச்சம் கொடுக்கும் தண்ணீரைப் பார்த்தபடியேதான் சுற்றிலுமுள்ள தோட்ட லயன்கள் இருக்கின்றன. அந்த லயன்களில் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைகளுக்குள் ஒரு வீட்டின் எல்லா வயரும் ஓடுகிறது.

பெயர் வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டார். அண்ணை என்றே எழுதுகிறேன். 1977 வன்செயலுக்குப் பிறகு தோட்டத்தை விட்டு வன்னிக்குப் போன குடும்பம் அவருடையது. கிளிநொச்சிப் பக்கத்தில் வளர்ந்தார். 1990இல் லக்சபான மின்சாரம் வடக்குக்கு நின்றுபோன காலத்தில், பற்றரிக்குத் தடை இருந்த காலத்தில், சைக்கிள் தைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட தலைமுறை. "இல்லாத சாமானுக்குப் பதில் இருக்கிற சாமான். எங்களுக்கு வேலை பழக்கினது அதுதான் தம்பி" என்றார். போர் முடிந்து முகாமிலிருந்து வெளியே வந்தபின் தாயின் உறவினர்களைத் தேடிப் புசல்லாவைக்குத் திரும்பியிருக்கிறார்.

அவருடைய மேசையில் கையடக்கத் தொலைபேசி அளவிலான ஒரு அலைவுகாட்டி இருந்தது. அதனுடன் இணைந்த ஒரு கிளாம்பும் இருந்தது. கிளாம்பின் வாயில் செப்புத் தாள் ஒட்டியிருந்தது, வயர் மாற்றப்பட்டிருந்தது. அது என்ன, ஏன் அப்படித் திருத்தப்பட்டிருக்கிறது என்பதை விளங்கிக்கொள்ள எனக்கு மூன்று நாட்கள் பிடித்தன. விளங்கியதை இங்கே எழுதுகிறேன்.

ஒரே சொல்லுக்குள் மூன்று பிரச்சினைகள்

மின்னொழுக்கு என்று நாம் சொல்லும்போது குறைந்தது மூன்று வேறு விடயங்களை ஒன்றாகக் கலந்துவிடுகிறோம்.

முதலாவது உண்மையான ஒழுக்கு. உயிர்க்கம்பியில் போகும் மின்னோட்டம் முழுவதும் நடுநிலைக்கம்பி வழியாகத் திரும்பி வரவேண்டும். வயரின் உறை வெடித்து, ஈரச் சுவரையோ தகரத்தையோ தொட்டால் அதில் ஒரு பங்கு நிலத்துக்குப் போய்விடும். வீடுகளில் நாம் ட்ரிப் சுவிட்ச் என்று சொல்லும் கருவி கவனிப்பது இந்த வித்தியாசத்தைத்தான். வழமையானது 30 மில்லி அம்பியர் வித்தியாசத்தில் விழும். அது மனித உயிரைக் காப்பதற்கான எல்லை. தீயைத் தடுப்பதற்கென்று வைக்கும் சுவிட்சுகளுக்கு 300 மில்லி அம்பியர் என்ற எல்லை உண்டு. 230 வோல்டில் 300 மில்லி அம்பியர் என்றால் 69 வாட். பழைய குண்டு பல்பு ஒன்றின் சூடு. அந்தச் சூடு கூரை மரத்தில் ஒரே இடத்தில் இரவு முழுவதும் இருந்தால் என்ன நடக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது தளர்ந்த மூட்டு. பிளக் பொயின்றிலோ, வயரை முறுக்கி டேப் சுற்றிய இடத்திலோ இணைப்பு இறுக்கமாக இல்லாவிட்டால் அங்கே பொறி பறக்கும். 8 அம்பியர் எடுக்கும் கேத்தல் ஓடும்போது அந்த மூட்டில் 5 வோல்ட் மட்டும் இழக்கப்பட்டாலும் 40 வாட் வெப்பம் ஒரு நகத்தளவு இடத்தில் சேரும். இதில் கவனிக்க வேண்டியது, போன மின்னோட்டம் முழுவதும் திரும்பி வந்துவிடுகிறது. ஆகவே ட்ரிப் சுவிட்சுக்கு எதுவும் தெரியாது.

மூன்றாவது மிகைச்சுமை. ஒரு மெல்லிய வயரில் ரைஸ் குக்கர், கேத்தல், அயர்ன் எல்லாம் சேர்ந்து ஓடுவது.

இந்த மூன்றுக்கும் பொறுப்பாளிகள் வேறு, திருத்தும் வழியும் வேறு. பழைய வயரிங் ஈரத்தில் ஒழுகினால் அது கட்டடத்தின் குறை. ஒரு குடும்பம் மேலதிக பிளக் போட்டதால் வயர் சூடானால் அது வேறு கதை. எல்லாவற்றையும் ஒரே சொல்லில் எழுதிவிட்டால் "அவர்கள் கள்ளமாக வயர் இழுத்திருப்பார்கள்" என்ற பதிலோடு கோவை மூடப்படும்.

கிளாம்ப் எதற்கு, அலைவுகாட்டி எதற்கு

மின்னோட்டத்தை அளக்கச் சாதாரண வழி, வயரை வெட்டி நடுவில் மீற்றரை வைப்பது. கிளாம்பில் வெட்டத் தேவையில்லை. வயரைச் சுற்றி வாயை மூடினால் போதும். வயரைச் சுற்றி உருவாகும் காந்தப்புலத்தை அது பிடிக்கிறது. ஒரு வகைக் கிளாம்பின் உள்ளே இருப்பது ஒரு டிரான்ஸ்போமர். அது மாறும் மின்னோட்டத்தை மட்டுமே காட்டும். மற்ற வகையில் ஹோல் உணரி இருக்கும். 1879இல் எட்வின் ஹோல் கண்டறிந்த விளைவில் இயங்கும் அந்த உணரி பற்றரி, சோலார் போன்ற நேர் மின்னோட்டத்தையும் காட்டும்.

கிளாம்ப் மீற்றர் தருவது ஒரு எண். அலைவுகாட்டி தருவது அந்த மின்னோட்டத்தின் உருவம். உருவத்தில்தான் வித்தியாசம் தெரிகிறது. ஈரத்தால் வரும் ஒழுக்கு, 50 ஹேர்ட்ஸில் வழவழப்பான அலையாக இருக்கும். மழை கூடக் கூட உயரும். சார்ஜர், எல்ஈடி பல்பு போன்றவற்றின் உள்ளே இருக்கும் கொள்ளளவிகள் ஊடாகப் போகும் சிறு ஒழுக்கு கூர்கூராகத் தெரியும்; மழைக்கும் வெயிலுக்கும் மாறாது. தளர்ந்த மூட்டில் பொறி பறந்தால் சுமை மின்னோட்டம் பூச்சியத்தைக் கடக்கும் இடத்தில் அலை சற்றுத் தட்டையாகி நிற்கும். மேலே புல் முளைத்தது போலச் சிலிர்ப்பு இருக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் மாறும்.

ஒரு எச்சரிக்கையை அண்ணை திரும்பத் திரும்பச் சொன்னார். சுவரிலிருந்து மின் எடுக்கும் அலைவுகாட்டியின் முதலை வாய் கிளிப் நிலத்தொடுப்போடு இணைந்திருக்கும். அதை வீட்டு மின்கம்பியில் நேரடியாக மாட்டினால் குறுஞ்சுற்று ஏற்படும், கருவி வெடிக்கும், கை எரியும். மின்கம்பியைத் தொடாமல் அளக்கும் கிளாம்ப் இதனால்தான் அவசியமாகிறது.

பெரிய நிறுவனங்களின் மின்னோட்டக் கிளாம்புகள் அருமையானவை. டெக்ட்ரோனிக்ஸின் டிசிபி0030ஏ 120 மெகாஹேர்ட்ஸ் வரை பார்க்கும். ஆனால் அதன் விலை ஆயிரக்கணக்கான டொலர். புசல்லாவையில் அந்தக் காசுக்கு ஒரு முச்சக்கரவண்டி பார்க்கலாம். மறுபக்கத்தில் ஹான்டெக் சிசி-65 போன்ற கிளாம்ப் மிகச் சிறு பங்கு விலைக்கு வருகிறது. அது 65 அம்பியர் வரை, 20 கிலோஹேர்ட்ஸ் வரை பார்க்கும். இன்வேட்டருக்குள் நடக்கும் வேகமான சுவிட்ச்சிங்குக்கு இது போதாது. வீட்டு மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸுக்கு இது தாராளம். குறை என்னவென்றால், அது பெரிய மின்னோட்டங்களுக்காகச் செய்யப்பட்டது. ஒரு அம்பியருக்கு 100 மில்லி வோல்ட் கொடுக்கும் அளவையில் வைத்தாலும் 30 மில்லி அம்பியர் ஒழுக்குக்குக் கிடைப்பது 3 மில்லி வோல்ட்தான். அது இரைச்சலுக்குள் மறைந்துவிடும். திருத்தம் தேவைப்படுவது இந்த இடத்தில்.

திறக்காமல் செய்யக்கூடியவை

முதல் திருத்தத்துக்குக் காசே இல்லை. வயரைக் கிளாம்பின் வாய்க்குள் ஒருதடவை விடுவதற்குப் பதில் பத்துத் தடவை சுற்றினால் வெளிவரும் சமிக்ஞை பத்து மடங்காகும். திரையில் தெரிவதைப் பத்தால் வகுத்தால் சரி. ஒழுக்கை அளக்க உயிர்க்கம்பியையும் நடுநிலைக்கம்பியையும் சேர்த்தே ஒரே திசையில் சுற்ற வேண்டும். போவதும் வருவதும் ஒன்றையொன்று அழித்துவிட, மிஞ்சி நிற்பது ஒழுக்கு மட்டுமே. நிலக்கம்பியை வாய்க்கு வெளியே விடவேண்டும். அதையும் சேர்த்துவிட்டால் ஒழுகிய மின்னோட்டம் அதன் வழியாகத் திரும்பி வந்து கணக்கைக் கெடுத்துவிடும். அண்ணை ஒரு பெட்டிக்குள் பிளக் ஒருபக்கமும் சொக்கெட் மறுபக்கமுமாக இந்தச் சுற்றை நிரந்தரமாகச் செய்து வைத்திருக்கிறார். சந்தேகமான குக்கரையோ கேத்தலையோ அதில் மாட்டினால் உடனே தெரிந்துவிடும்.

இரண்டாவது, வாயின் இரு முனைகளையும் துடைப்பது. அங்கே ஒரு தூசி இருந்தாலும் காந்தப் பாதையில் இடைவெளி விழுந்து அளவு குறையும். வயரை வாயின் நடுவில் வைப்பதும், ஹோல் வகையாக இருந்தால் ஒவ்வொரு தடவையும் வெறுமையாக மூடிப் பூச்சியமாக்கிக் கொள்வதும் இதோடு சேர்ந்தது. புசல்லாவைக் குளிரில் வெளியே கொண்டுபோன கிளாம்ப் பத்து நிமிடத்தில் தன் பூச்சியத்திலிருந்து நகர்ந்துவிடுகிறது.

மூன்றாவது, இணைப்பு வயர். மல்டிமீற்றருக்காக விற்கும் கிளாம்புகளில் இரண்டு தனித்தனி வயர்கள் இருக்கும். அவை இரண்டும் ஒரு வளையமாகி சுற்றியுள்ள 50 ஹேர்ட்ஸ் இரைச்சலை எல்லாம் பிடிக்கும். அவற்றைக் கழற்றி, வலைக்கவசம் உள்ள கேபிளும் பிஎன்சி முனையும் போட்டாலே திரை அமைதியாகிவிடும்.

நான்காவது, மின்வழங்கல். 9 வோல்ட் பற்றரி இறங்க இறங்க அளவும் நகரும். அதற்காகத் தொலைபேசிச் சார்ஜரை இணைக்கக்கூடாது. மலிவுச் சார்ஜரே இரைச்சலையும் சிறு ஒழுக்கையும் கொண்டுவரும். ஒழுக்கை அளக்கும் கருவிக்கு அது உதவாது. தொடராக இணைத்த இரண்டு லித்தியம் செல்கள் 7.4 முதல் 8.4 வோல்ட் வரை தரும். அந்த அளவில் கிளாம்பின் பற்றரி எச்சரிக்கை விளக்கு எரியாமல் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

திறந்து செய்பவை

செப்புத் தாள் எதற்கு என்று கேட்டேன். மின்கம்பியின் காந்தப்புலம் மட்டுமல்ல, அதன் மின்புலமும் உணரியைத் தொட்டு இல்லாத மின்னோட்டத்தை இருப்பதாகக் காட்டும். வாயின் மேல் செப்புத் தாள் சுற்றி, அதைக் கேபிளின் கவசத்தோடு இணைத்தால் மின்புலம் தடுக்கப்படும். ஆனால் தாளின் இரு முனைகளும் ஒன்றையொன்று தொடக்கூடாது. தொட்டால் அதுவே ஒரு மூடிய சுற்றாகி, அளக்க வேண்டிய காந்தப்புலத்தையே அழித்துவிடும். ஒரு சிறு இடைவெளி விட்டு, மேலே தடித்த காப்பு டேப் சுற்ற வேண்டும்.

அடுத்தது உள்ளே இருக்கும் பெருக்கி. மலிவுக் கிளாம்புகளில் மெதுவான, இரைச்சல் கூடிய பெருக்கிச் சில்லுகள் இருக்கும். அதே கால் அமைப்புள்ள நல்ல சில்லு ஒன்றை மாற்றிப் போட்டால் இரைச்சல் குறையும், வேகம் சற்றுக் கூடும். அதற்கு மேல் உணரியும் இரும்புள்ளகமும் இடம் கொடுக்காது. விலை உயர்ந்த கிளாம்புகள் மெதுவான மாற்றங்களுக்கு ஹோல் உணரியையும் வேகமான மாற்றங்களுக்குச் சுருளையும் சேர்த்து வைத்திருப்பதால்தான் அந்த வேகத்தை எட்டுகின்றன.

எஸ்சிடி-013-000 என்ற, கவ்வி மூடும் சிறு டிரான்ஸ்போமர்தான் ஒழுக்குக்காக அண்ணை அதிகம் பாவிப்பது. பற்றரி தேவையில்லை, மலிவு. அதில் ஓடும் மின்னோட்டம் 2000இல் ஒரு பங்காகி வெளிவரும். அதன் இரு முனைகளுக்கும் குறுக்கே தொடராக இணைத்த இரண்டு 100 ஓம் தடையிகளை வைத்து, உயிர்க்கம்பியையும் நடுநிலைக்கம்பியையும் சேர்த்து ஐந்து சுற்றுச் சுற்றினால் 30 மில்லி அம்பியருக்கு 15 மில்லி வோல்ட், 300க்கு 150 மில்லி வோல்ட். அதாவது திரையில் தெரிவதை இரண்டால் பெருக்கினால் ஒழுக்கு. டிஎஸ்ஓ138 போன்ற பொழுதுபோக்கு அலைவுகாட்டிக்கே இது போதும். ஒன்றை மறக்கக்கூடாது: தடையியை இணைக்காமல் இந்த வகை டிரான்ஸ்போமரை ஓடும் வயரில் மாட்டக்கூடாது. திறந்த முனைகளில் உயர்ந்த வோல்ட் வரலாம்.

திருத்திய கருவியைச் சரிபார்க்காமல் நம்பக்கூடாது. 12 வோல்ட் டிரான்ஸ்போமர் ஒன்றும் 120 ஓம், 5 வாட் தடையி ஒன்றும் இருந்தால் ஏறத்தாழ 100 மில்லி அம்பியர் பாதுகாப்பாகக் கிடைக்கும். தடையியின் குறுக்கே உள்ள வோல்டை மல்டிமீற்றரால் அளந்து 120ஆல் வகுத்தால் சரியான மின்னோட்டம் தெரிந்துவிடும். அந்த ஒரு வயரை மட்டும் வாய்க்குள் ஐந்து சுற்று விட்டு, திரையில் வருவதை ஒப்பிட்டு, வித்தியாசத்தைக் கிளாம்பின் மேலேயே எழுதி ஒட்ட வேண்டும். அண்ணையின் கிளாம்பில் "4% குறைவு" என்று நீல மையில் எழுதியிருந்தது.

மழை பெய்த இரவு

மூன்றாம் நாள் மாலை, அவர் திருத்த வேலைக்குப் போகும் ஒரு லயனுக்கு நானும் கூடப் போனேன். தோட்டத்தின் பெயரை எழுதவில்லை. இரவில் ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுகிறது என்று சொல்லி, யாரோ ஒருவர் அதைக் கடந்து நேரடியாக வயரை இணைத்துவிட்டுப் போயிருக்கிறார். பிள்ளைகள் படிக்க வெளிச்சம் வேண்டும் என்பதால் வீட்டுக்காரரும் ஒத்துக்கொண்டிருக்கிறார். அன்றிலிருந்து அந்த அறையைக் காப்பதற்கு எதுவும் இல்லை.

பிரதான சுவிட்சை நிறுத்தி, அறைக்குள் வரும் இரு கம்பிகளிலும் ஐந்து சுற்றுச் சுற்றைச் சேர்த்துவிட்டு மீண்டும் மின்சாரத்தைக் கொடுத்தார். மாலை ஐந்து மணிக்கு மழை இல்லை. எல்லாக் கருவிகளும் கழற்றப்பட்ட நிலையில் ஒழுக்கு 8 மில்லி அம்பியர். ஏழு மணிக்கு மழை பிடித்தது. எட்டரைக்கு அதே நிலையில் 46. அலை வழவழப்பாகவே இருந்தது. வீட்டுக்கார அக்கா திரையைப் பார்த்துவிட்டு, "அப்ப எங்க குக்கர் இல்லையா?" என்று கேட்டார். இத்தனை நாளும் அந்த ரைஸ் குக்கர்தான் காரணம் என்று அவரிடம் சொல்லப்பட்டிருந்தது. மாதத் தவணையில் வாங்கியதை அவர் ஒரு மாதமாகப் பாவிக்காமல் மூடி வைத்திருந்தார்.

ஒவ்வொரு கிளையாகக் கழற்றிப் பார்த்ததில் பின்பக்க பல்புக்குப் போகும் வயரோடு ஒழுக்கு நின்றது. பல வருடங்களுக்கு முன் கூரைத் தகரத்துக்குக் கீழே ஆணியால் அடிக்கப்பட்ட வயர் அது. உறை வெடித்து, மரம் கறுத்திருந்தது. அந்தக் கிளையைத் துண்டித்து, ட்ரிப் சுவிட்சை மீண்டும் இணைத்தார். மழை பெய்துகொண்டிருந்தபோதும் சுவிட்ச் விழவில்லை.

எதைச் செய்யக்கூடாது

இதைப் படித்துவிட்டு யாரும் தனியே மின்பலகையைத் திறக்க வேண்டாம். அது தேர்ச்சி பெற்ற மின்னியலாளரின் வேலை. ஒருதடவை திறந்து திருத்திய கிளாம்பின் மேல் அச்சிட்டிருக்கும் பாதுகாப்பு வகைக்கு அதன்பின் அர்த்தமில்லை. உறை உள்ள வயரில் மட்டுமே அதை மாட்ட வேண்டும், வெறும் கம்பியில் ஒருபோதும் கூடாது. சாதாரணக் கிளாம்ப் மீற்றர் ஒன்றின் உள்ளிருந்து சமிக்ஞையை வெளியே எடுத்து அலைவுகாட்டிக்குக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அது இயங்கும். ஆனால் அப்படி இணைத்த பிறகு அதே மீற்றரின் வோல்ட் அளக்கும் முனைகளை மின்கம்பியில் வைத்தால், அந்த மின் அலைவுகாட்டியின் உடலுக்கே வந்துவிடும். அந்த முனைகளின் துளைகளை அடைத்துவிடுவது நல்லது.

இது மலையகத்துக்கு மட்டுமான விடயமும் அல்ல. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் கிணற்று மோட்டார்கள், மீள்குடியேறிய காலத்தில் தற்காலிகமாக இழுத்து இன்றுவரை மாற்றாத வயர்கள், சோலார் இணைப்புகள் எல்லாவற்றிலும் இதே மூன்று பிரச்சினைகள் இருக்கின்றன. ஈரக் காணியில் மோட்டாரைத் தொட்டவர் இறந்தார் என்ற செய்தியும் அதே சொல்லோடுதான் முடிகிறது. ஒரு கிராமத்துச் சங்கமோ, பாடசாலையின் தொழில்நுட்பப் பிரிவோ இப்படி ஒரு கிளாம்பை வைத்திருந்தால் மாரிக்கு முன்னும் மாரியிலும் ஒருதடவை அளந்து பார்க்க முடியும்.

அளந்ததைப் பதிவு செய்வதும் வேலையில் ஒரு பாதி. அண்ணை ஒரு சிஆர் கொப்பியில் திகதி, நேரம், மழை இருந்ததா, எந்தெந்தக் கருவிகள் இணைந்திருந்தன, எத்தனை மில்லி அம்பியர் என்று எழுதி, திரையைத் தொலைபேசியில் படம் எடுத்து வைக்கிறார். வயரிங்கை மாற்றித் தரும்படி அந்த லயன்காரர்கள் எழுதிய கடிதத்தோடு அந்தப் பக்கத்தின் பிரதி ஒன்றும் போயிருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை. ஆனால் குக்கர்தான் காரணம் என்று அவர்களிடம் இனி யாரும் சொல்ல முடியாது.

அடுத்த தீ பற்றி எழுத நேர்ந்தால், மின்னொழுக்கு என்று எழுதுவதற்கு முன் யார் அளந்தார்கள் என்று கேட்பேன். அளக்கவில்லை என்றால், அளக்கவில்லை என்றே எழுதுவேன்.